சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எங்கள் வீட்டில் புது மோட்டார் சைக்கிள் வாங்கியபோது பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஓட்டினோம். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு அடுத்தவர் பூசையைக் கேலி பேசினால் என் வாய் அழுகிவிடும். ஆனால் அந்தத் தீர்த்தத்தை நாங்கள் பெட்ரோல் தொட்டிக்குள் ஊற்றவில்லை. குழந்தைவேலு அண்ணன் வீட்டில் அதைத்தான் செய்தார்கள்.

குருண் என்ற எங்கள் ஊரில் பெரிய சாலையை ஒட்டி அவருக்கு ஒரு மசாலாத் தூள் ஆலை இருந்தது. நான் அங்கே கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தேன். ஆலைக்கு முதலாளி அண்ணன்தான். லைசென்சில் அவர் பெயர், வேனில் அவர் பெயர், பாக்கெட்டில் அவர் படம். ஆலையை நடத்தியது மட்டும் அவர் மனைவி அழகம்மா அக்காவின் மூக்கு.

மிகைப்படுத்தவில்லை. ரப்பர் தோட்டத்துக் கடைகள், தொழிற்சாலை கேண்டீன்கள், அலோர் ஸ்டார் டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகள் என்று ஆளாளுக்கு ஒரு தூள் கேட்பார்கள். எல்லாவற்றிலும் அதே மல்லி, அதே மிளகாய், அதே சோம்புதான். அளவு கொஞ்சம் பிசகினால் ஒரு கடைக்காரரின் மீன் குழம்பு அடுத்த கடைக்காரரின் மீன் குழம்பாகிவிடும், உடனே போன் வந்துவிடும். அக்கா வறுத்த சாமானை உள்ளங்கையில் வைத்து முகர்ந்துவிட்டு, சீரகம் இன்னும் ஒரு பிடி என்பார். போட்டால் சரியாகிவிடும். பிள்ளை இல்லாத வீடு அது. இந்தத் தூள்கள்தான் அக்காவின் பிள்ளைகள் என்று ஊரில் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பிள்ளை பெற்றவளின் கெட்டிக்காரத்தனத்தை யாராவது இப்படி ஆறுதலாக மாற்றிச் சொல்கிறார்களா?

அளவுகளை எல்லாம் எழுதி வைத்திருந்த பழைய நோட்டை எண்பத்தேழாம் வருடப் பொங்கல் கழிந்து திறந்தபோது உள்ளே வெறும் மண். கறையான் அட்டையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அசரவில்லை. எல்லாம் தனக்கு மனப்பாடம் என்றார். ஆனாலும் அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீ ஒரு நாள் படுத்துவிட்டால் ஆலையும் படுத்துவிடும் என்று வாரக்கணக்கில் நச்சரித்தார். மனைவி படுத்துவிடுவாளே என்பதில் அவருக்கு வந்த கவலை அந்த வகையானது.

அப்போதுதான் நான் ஜெரார்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கித்தார் வாசிப்பவர். பக்கத்து டவுனான சுங்கைப் பட்டாணியில் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தார். ஆலைக்கு வந்தவர் முதலில் மிஷினைப் பற்றிப் பேசவே இல்லை. தகவலை எதில் வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்றுதான் பேசினார். மிஷின் போனால் வேறு வாங்கலாம், உள்ளே இருப்பது போனால் வாங்க முடியாது என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அண்ணனுக்கு, விலையைத் தள்ளிப் போடுகிறான் என்று சந்தேகம்.

வழிகள் பல இருந்தன. மிஷினுக்குள்ளேயே பொருத்துகிற ஹார்ட் டிஸ்க்; விலையைக் கேட்டதும் அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பாட்டு கேசட் போன்ற நாடா. அதற்குத் தனி மிஷின் வேண்டும் என்றதும் அதுவும் கழிந்தது. பிரிண்டர் வாங்கிக் காகிதத்தில் அடித்து வைக்கலாம் என்றபோது அக்கா குறுக்கிட்டார். காகிதமே கூடாது. அவரிடம் வேலை கற்ற ஒருத்தன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் ஜித்ராவில் ஆலை போட்டிருந்தான். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் மிச்சமானது பிளாப்பி டிஸ்க், அப்பளம் கனத்தில் கறுப்பாக, சதுரமாக. கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கைச் செருகுகிற டிரைவ் ஒன்றே ஒன்று இருப்பதாகப் பார்த்து, இருப்பதிலேயே மலிவானதை அண்ணன் வாங்கினார்.

டிஸ்க் என்றால் மூன்று நகல் வேண்டும், மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று ஜெரார்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாவது ஆலையில், அன்றாட வேலைக்கு. இரண்டாவது அவர்கள் வீட்டு இரும்பு அலமாரியில். அக்கா அதை அரிசி டின்னுக்குள் வைக்கலாம், ஈரம் ஏறாது என்று யோசனை சொன்னார். தூசி படக் கூடாது என்று ஜெரார்ட் பதறினார். மூன்றாவதற்கு அண்ணன் பேங்க் லாக்கர் என்றார், அக்கா உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் மசாலா வியாபாரம் செய்கிறவர் யாரும் இல்லை, அதுதான் காரணம். எங்கள் அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே இழுப்பறையில் ஜெபமாலைகளோடு வைத்துக்கொண்டார்.

அக்கா ஒவ்வொரு தூளாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மாதக் கடைசியில் மூன்று டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்கி அந்தந்த இடத்துக்கு அனுப்பினேன். கலவை போடும் நாளில் திரையைப் பார்த்துச் சிலேட்டில் எழுதிக் கொடுப்பேன். ஆட்கள் நிறுத்துப் போட்டதும் அக்கா கையாலேயே அதை அழித்துவிடுவார். கடைசிப் பக்குவம் அக்காவுடையது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தார், பாதியாக இளைத்து. ஆலையை மூடியிருந்தோம், இருந்த சரக்கை மட்டும் விற்றோம். வந்த மறுநாள் அவர் சோம்பு டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தார். மூடினார். ஏலக்காயைத் திறந்தார். பிறகு ஒவ்வொரு டப்பாவாக, அலமாரி முழுவதையும் திறந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஜெனி, ஒண்ணுமே வரலை. மொளகா மட்டும் எரியுது. வாசம் எதுவும் இல்ல."

காய்ச்சலில் மூக்கு நரம்பு கெட்டிருக்கலாம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா அழுதுகொண்டே கேட்டுக்கொண்டார். மனப்பாடம் என்று அவர் சொன்ன அளவுகளும் வாசம் இல்லாமல் ஒன்றோடொன்று குழம்பின. அவருடைய கைப்பக்குவம் இனி அவரிடமே இல்லை. அது அந்தக் கறுப்பு டிஸ்க்குகளில் மட்டும்தான் இருக்கிறது என்று அண்ணன் வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னார், அதில் கொஞ்சம் பெருமையோடு. தான் பிடிவாதமாகக் கம்ப்யூட்டர் வாங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்ற பெருமை. தீபாவளி ஆர்டர் குவிந்திருந்தது. விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து ஆலையைத் திறப்பது, டிஸ்க்கில் இருக்கிற அளவுப்படி அரைப்பது என்று முடிவாயிற்று. காய்ச்சலுக்குப் பிறகு போடப்போகிற முதல் கலவை.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. அரவை மிஷின், சல்லடை, தராசு, வேன், கத்தி, முறம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கம்ப்யூட்டருக்கு மாலை. நான் சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு மதியமே வீட்டுக்குப் போய்விட்டேன். நான் போன பிறகு, இவ்வளவுக்கும் உயிர் இதுதானே என்று சொல்லி அக்கா ஆலையில் இருந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். காகித உறையோடுதான் அண்ணன் கொடுத்தாராம். உறை மேலே பொட்டு வைத்தால் அது உறைக்குத்தானே போகும் என்று அக்கா உருவிவிட்டார். டிஸ்க்கின் ஓரத்தில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுழல்கிற தகடு அந்த இடத்தில் மட்டும் வெளியே தெரியும்; அங்கேதான் மிஷின் தொட்டுப் படிக்கும். விரல் படக் கூடாது என்று ஜெரார்ட் ஆயிரம் தடவை சொன்ன இடம். அக்காவுக்கு அது கண்ணாகத் தெரிந்திருக்கிறது. கண்ணுக்கு மேலே, கண்ணிலேயே, குழைத்த சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பிராணிப் புகைக்கு நடுவே அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் தவறக் கூடாது என்று என்னை எதிர்பார்க்காமல் அவரே தொடங்கிவிட்டார். மிஷினுக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வந்தது, மணல் கலந்த மிளகாய் அரைபடுவதைப் போல. ஆலையில் வேலை பார்க்கும் எவருக்கும் அது என்ன சத்தம் என்று தெரிய வேண்டும். அண்ணனுக்குத் தெரியவில்லை. மேசை மேல் ஒரு டிஸ்க் கிடந்தது. அதன் திறப்பில் மஞ்சளும் சிவப்புமாக ஈஷியிருந்தது.

"மொத டிஸ்க் கெட்டுப்போச்சு ஜெனி. அலமாரியில இருந்ததைப் போட்டேன், அதுவும் படிக்க மாட்டேங்குது."

முதல் டிஸ்க் கெட்டது பொட்டால். அது போகட்டும், அதற்காகத்தான் இரண்டாவது இருந்தது. ஆனால் முதல் டிஸ்க்கில் இருந்த சந்தனம் காய்ந்து, பொடிந்து, டிரைவுக்குள் அப்பிக்கொண்டிருந்தது. அதே டிரைவுக்குள் சுத்தமாக இருந்த இரண்டாவதையும் தள்ளி, அதையும் அரைத்துவிட்டார் மனுஷன். ஆறு மாதமாக அலமாரியில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்த டிஸ்க். நான் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன ஆயிற்று என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தேவை இருக்கவில்லை. நேற்று தான் வைத்த பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி இருக்கிறது, ஓடிப்போய் உன் வீட்டில் இருப்பதை எடுத்து வா என்று என்னை விரட்டினார். எடுத்து வந்தேன். ஆனால் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

"இதுல போட விட மாட்டேன், அண்ணே. இதுவும் போயிடும்."

அவர் முதலில் கெஞ்சினார், பிறகு அதட்டினார். முதலாளி நீயா நானா என்றார். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். வரவில்லை, சந்தோஷம் என்றேன் நானும். எனக்கும் வாய் சும்மா இருக்காது. ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போடலாமே என்று அவர் சமாதானமாகக் கேட்டபோது என் கோபம் இன்னும் ஏறியது. எந்தத் துணியை எதற்குள் விட்டுத் துடைப்பார்? அக்கா பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. பயந்துபோய் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேனில் மூவரும் சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். டிஸ்க்கை நான் மடியில் வைத்து, குழந்தையைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஜெரார்ட் பொட்டு வைத்த டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் இருக்கிற மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தியால் மேலே இருந்த கறுப்புக் கூட்டின் ஓரத்தைக் கீறி உள்ளே இருந்த தகட்டை வெளியே எடுத்தார். வட்டமாகக் கீறல் விழுந்து, கறுப்புப் பூச்சு உதிர்ந்து, மறுபக்கம் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. இனி ஆண்டவரே வந்தாலும் இதைப் படிக்க முடியாது என்றார் மெதுவாக. பிறகு என்னிடமிருந்து மூன்றாவதை வாங்கினார். அதன் பக்கவாட்டு வெட்டில் டேப் ஒட்டினார்; ஒட்டிவிட்டால் மிஷின் அதைப் படிக்குமே தவிர அதில் எதையும் எழுத முடியாது. கடையில் அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்த புது கம்ப்யூட்டர் ஒன்றில் அதைப் போட்டார்.

டிரைவில் விளக்கு எரிந்தது. எனக்குத் தெரிந்த ஜெபத்தை எல்லாம் சொன்னேன். திரையில் வரிசையாக எழுத்துகள் வந்தன. மீன் தூள், கோழித் தூள், ஆட்டுக்கறித் தூள், அலோர் ஸ்டார் மாமாக் கடைத் தூள், ஒவ்வொன்றுக்கும் கீழே சாமானும் அளவும். ஒன்றும் குறையவில்லை. ஜெரார்ட் உடனே நான்கு நகல் எடுத்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், என் தலையில் கை வைத்தார், நாளைக்கு வேலைக்கு வந்துவிடு என்றார். எனக்கும் அழுகை வந்தது. ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது.

அக்காவுக்குக் கேட்கட்டும் என்று நான் சத்தமாகப் படித்தேன். மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, வெந்தயம், கடுகு, மஞ்சள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்ளத் தொடங்கினார். மீன் தூள் முடிந்து கோழித் தூளுக்குப் போனேன். அக்கா முகத்தில் வெளிச்சமே வரவில்லை. கேட்கக் கேட்க இன்னும் வெளிறிக்கொண்டே போனார். தண்ணீர் வேண்டுமா என்று ஜெரார்ட் கேட்டார்.

"போதும், ஜெனி, படிக்காத," என்றார் அக்கா. "அதுல எல்லாத் தூள்லயும் ஒண்ணு கொறையுது."

டிஸ்க்கில் ஏதோ அழிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். ஜெரார்ட் மேல் பாயப் பார்த்தார். டிஸ்க்கில் எதுவும் அழியவில்லை என்றார் அக்கா. சொல்லும்போதே விட்டுத்தான் சொன்னேன் என்றார். ஒவ்வொரு தூளிலும் ஒரு சாமானைச் சொல்லவே இல்லையாம். அந்தப் பழைய நோட்டிலும் எழுதியதில்லை. ஜித்ராக்காரன் தூள் எடுபடாமல் போனதற்கு அதுதான் காரணம். ஆட்கள் கலந்து வைத்துவிட்டுப் போன பிறகு, பக்குவம் பார்ப்பதாகக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அதைத் தன் கையால் போடுவார். நிறுத்துப் போட்டதில்லை. மணம் சரியாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார், அவ்வளவுதான். அளவு அவருக்கே தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன். மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். இன்று காலை வேலையை விட்டே போகத் துணிந்திருக்கிறேன். எதற்கு? தீபாவளிக்குக் கடைக்காரர்கள் எல்லாரும் போன் செய்யப்போகிறார்கள், அக்காவால் ஒரு சிட்டிகைகூடத் திருத்த முடியாது. அந்த அளவு காய்ச்சலோடு போயே போய்விட்டது.

அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"எங்கிட்டகூடயா சொல்லலை?"

"மொதல்ல ஒங்ககிட்டேந்துதான் மறைச்சேன்," என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "கல்யாணமாகி அஞ்சு வருசம் புள்ள இல்லன்னதும் ஒங்கம்மா வேற பொண்ணு பாத்தாங்க. பட்டர்வொர்த்துல. ஞாபகம் இருக்கா? வேணாம்னு சொன்னீங்க. ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். 'இவ போயிட்டா தூள் யாரு போடுறது'ன்னீங்க. அன்னையிலேந்து யாருக்கும் முழுசா சொல்லல."

ஜெரார்ட் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடம் அந்த ஒரு வாக்கியத்தோடு இந்த மனுஷி எப்படி அடுப்படியில் நின்றார், எப்படி அவருக்குச் சோறு போட்டார்? அண்ணன் அதை மறுப்பார், இல்லை அப்படிச் சொல்லவில்லை என்பார், அல்லது ஏதோ கோபத்தில் சொன்னேன் என்பார் என்று காத்திருந்தேன். சும்மா அவர் கையைப் பிடித்தால்கூடப் போதும் என்று நினைத்தேன்.

அண்ணன் சிகரெட் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"சரி, அழகு. நடந்தது நடந்துபோச்சு. அது என்ன சாமான்னு மட்டும் சொல்லு. அளவை நாம போட்டுப் பாத்துக்கலாம்."

அக்கா அந்த அட்டையைப் பார்த்தார்.

"இப்பவும் அதைத்தான் கேக்குறீங்க," என்றார்.

பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடையை விட்டு வெளியே போனார். வேனைத் தாண்டி, டாக்சிகள் நிற்கிற பக்கம் நடந்தார். அண்ணன் பேனாவைத் திறந்து வைத்தபடியே அவர் திரும்பி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அக்கா பின்னால் போனேன்.